மூணு கோல்தான் விட்டார்கள், அப்படியும் வெளியே: டெஷாம் பற்றி ஒரு இழை

ஆஃப்சைடு_ஆறுமுகம் | 10 ஜூலை 2024, காலை 7:05

நேற்று நள்ளிரவு பன்னிரண்டரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் யாராவது அதற்கப்புறம் தூங்கினீர்களா? யூரோ கால்பந்து அரையிறுதி, ஸ்பெயின் 2, பிரான்ஸ் 1. தோற்றதில் கூட எனக்கு வருத்தம் இல்லை, ஸ்பெயின் நன்றாக ஆடியது, ஜெயித்தது. என் எரிச்சல் எல்லாம் அதற்கு முன்னால் நடந்த ஐந்து ஆட்டங்கள் மேல்தான். ஆறு ஆட்டத்தில் பிரான்ஸ் கணக்கில் மொத்தம் நாலு கோல். அதில் ஆஸ்திரியாக்காரர் தன் வலைக்குள்ளேயே தலையால் முட்டியது ஒன்று, பெல்ஜியத்தின் வெர்டொங்கன் மேல் பட்டு உள்ளே போனது ஒன்று, போலந்துக்கு எதிராக எம்பாப்பே அடித்த பெனால்டி ஒன்று. ஓடுகிற ஆட்டத்தில் ஒரு பிரான்ஸ் வீரர் தானே கோல் அடிக்க அரையிறுதியின் ஒன்பதாவது நிமிடம் வரை காத்திருந்தோம்.

எம்பாப்பே, டெம்பெலே, கிரீஸ்மான், துராம், பார்கோலா, கோமான், ஜிரூ என்று இத்தனை பேரை வைத்துக்கொண்டு 0-0, 1-0 என்று சில்லறை எண்ணுவதற்கு டெஷாம் என்று ஒரு கோச் எதற்கு? அரையிறுதிக்கு முன்னால் ஒரு ஸ்வீடன் நிருபர் ஆட்டம் போரடிக்கிறதே என்கிற மாதிரி கேட்டதற்கு, போரடித்தால் வேறு ஏதாவது பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் மனிதர். சரி சார், பார்க்கிறோம். பன்னிரண்டு வருடம் போதும், ஜிடானைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது_பெஞ்ச் | காலை 7:31

ஜெயித்தால் சாணக்கியன், தோற்றால் தொடைநடுங்கி. 2018-ல் இதே ஆளை வீரர்கள் தூக்கிப் போட்டுப் பிடித்தபோது நாம் எல்லோரும் கைதட்டினோம்.

எட்டாம்நம்பர் | காலை 8:50

ஆறுமுகம் அண்ணே, கோபம் நியாயம்தான், ஆனால் ஆளை மாற்றிப் பிடிக்கிறீர்கள். கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2018 உலகக் கோப்பையில் ஏழு ஆட்டம், 14 அடித்து 6 விட்டார்கள், கோப்பை. 2022 கத்தாரில் ஏழு ஆட்டம், 16 அடித்து 8 விட்டார்கள், இறுதியாட்டத்தில் பெனால்டி ஷூட் அவுட்டில் தோல்வி. இந்த யூரோவில் ஆறு ஆட்டம், 4 அடித்து 3 விட்டார்கள். அரையிறுதி வரைக்கும் விட்டது ஒன்றே ஒன்று, அதுவும் லெவன்டோவ்ஸ்கியின் பெனால்டி. மூன்று போட்டிகளில் டிஃபென்ஸ் அதிக இறுக்கமாக இருந்தது இந்தத் தடவைதான், கையில் கிடைத்தது குறைவாக இருந்ததும் இந்தத் தடவைதான். அப்படியானால் டிஃபென்ஸ் ஆடியது குற்றம் இல்லை. டிஃபென்ஸுக்கு முன்னால் இருந்த ஏதோ ஒன்று இந்தத் தடவை காணாமல் போயிருக்கிறது. அது என்ன என்று பேசுவோம்.

2018-ல் முதல் ஆட்டம் ஆஸ்திரேலியாவுடன். டெஷாம் அன்றைக்கு கிரீஸ்மான், எம்பாப்பே, டெம்பெலே என்று மூன்று வேகக்காரர்களை முன்னால் விட்டார், எல்லோரும் கேட்ட மாதிரியே. ஆட்டம் வழுக்கி வழுக்கி 2-1 என்று முடிந்தது. அடுத்த ஆட்டம் பெரு. டெம்பெலே பெஞ்சுக்குப் போனார், நடுவில் ஜிரூ வந்தார், இடது ஓரத்தில் மட்வீடி வந்தார். மட்வீடி பேப்பரில் லெஃப்ட் விங், களத்தில் இன்னொரு மிட்ஃபீல்டர். பின்னால் பவாரும் லூகாஸ் எர்னாண்டஸும், இரண்டு பேருமே அடிப்படையில் நடு டிஃபென்டர்கள், ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள். இத்தனை பேரும் வேலை பார்த்ததே வலது பக்கம் இருந்த எம்பாப்பே பின்னால் ஓடிவர வேண்டாம் என்பதற்காகத்தான். ஜிரூ அந்த உலகக் கோப்பை முழுக்க இலக்கை நோக்கி ஒரு ஷாட் கூட அடிக்கவில்லை, ஊரே சிரித்தது, ஆனாலும் டெஷாம் அவரை எடுக்கவே இல்லை. ஏனென்றால் எதிரணியின் இரண்டு சென்டர் பேக்கும் ஜிரூவோடு தோள் இடித்துக்கொண்டு நின்றால்தான் அவர்களுக்குப் பக்கத்தில் எம்பாப்பேவுக்கு வழி திறக்கும். அர்ஜென்டினா ஆட்டத்தில் தன் பாதியிலிருந்தே பந்தை எடுத்துக்கொண்டு ஓடி ரோகோவிடம் பெனால்டி வாங்கினாரே, அந்த ஓட்டத்துக்கு மைதானம் காலியாகக் கிடந்தது எப்படி? அர்ஜென்டினாவை மேலே வரவிட்டதால்.

டெஷாம் பின்னால் உட்காருவது கோல் விடாமல் இருக்க மட்டும் இல்லை. எதிரணியை வாங்க வாங்க என்று மேலே இழுத்து, அவர்கள் முதுகுப் பக்கம் இடம் உண்டாக்குவதற்கு. இந்த வருடம் அதில் முதல் பாதி நடந்தது, இரண்டாவது பாதி நடக்கவில்லை. எம்பாப்பேவுக்கு முதல் ஆட்டத்திலேயே மூக்கு உடைந்து முகமூடி, ஜிரூவுக்கு 37 வயது, பெஞ்ச். கிரீஸ்மான் ஒரு ஆட்டத்தில் வலது ஓரம், ஒன்றில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், போலந்துடன் பெஞ்ச், நேற்று மறுபடியும் பெஞ்ச். நடுவில் காண்டே, சுவாமேனி, ராபியோ. மூன்று பேருமே பந்தைப் பறிக்கிறவர்கள். பறித்த பந்தை முதல் தொடுதலிலேயே முன்னால் திருப்பி அனுப்புகிற ஆள் களத்திலேயே இல்லை. வீட்டைப் பத்திரமாகப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்ட கதை.

கார்னர்கொடி | காலை 10:12

> ஊரே சிரித்தது, ஆனாலும் டெஷாம் அவரை எடுக்கவே இல்லை

2018-ஐ ரொம்ப அழகாக்கிவிட்டீர்கள் எட்டாம்நம்பர். அந்த உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் ஒரே ஒரு 0-0, அது பிரான்ஸ்–டென்மார்க். லுஷ்னிக்கியில் கூட்டம் ஊளையிட்டது ஞாபகம் இருக்கிறதா? பெல்ஜியத்துடன் அரையிறுதியில் 51-வது நிமிடம் கிரீஸ்மான் கார்னர், உம்டிட்டி ஃபெலைனிக்கு முன்னால் புகுந்து முட்டினார், 1-0. அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசியில் எம்பாப்பே பந்தைத் தூக்கிக்கொண்டு நடந்து மஞ்சள் அட்டை வாங்கினார். பெல்ஜியம் கோல்கீப்பர் கோர்ட்வா ஆட்டம் முடிந்ததும் இது கால்பந்துக்கே எதிரான ஆட்டம் என்று புலம்பினார். தோற்ற வயிற்றெரிச்சல் என்று ஒதுக்கலாம், ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை மறுபடி உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் யார் பார்ப்பீர்கள்?

இறுதியாட்டமும் அப்படித்தான். முதல் கோல் கிரீஸ்மான் தானாக விழுந்து வாங்கிய ஃப்ரீ கிக்கில் குரோஷியாவின் மண்ட்சுகிச் தலையில் பட்டுப் போனது, இரண்டாவது விஏஆர் வீடியோவில் பார்த்துக் கொடுத்த பெனால்டி. பாதி ஆட்டம் முடியும்போது குரோஷியாதான் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது, பிரான்ஸ்தான் 2-1 முன்னால் இருந்தது.

பனங்காட்டு_நரி | காலை 10:20

55-வது நிமிடம் காண்டேயைத் தூக்கிவிட்டு என்சோன்சியை இறக்கினார். உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், முன்னிலையில் இருக்கும்போது, அந்த நேரத்தில் உலகத்திலேயே சிறந்த டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்று பெயர் வாங்கியவரை. அடுத்த பத்து நிமிடத்தில் போக்பா, எம்பாப்பே, 4-1. காண்டேக்கு ஒரு மஞ்சள் அட்டை இருந்தது, அன்றைக்குக் கால் ஓடவில்லை, பார்த்தார், எடுத்தார். பெயரைப் பார்த்துப் பயப்படாத கோச்சுக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பட்டம் கோழை.

லாகூர்நெவ்_பெடியன் | பகல் 2:40

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது லா கூர்நெவ், ஸ்டாட் டு பிரான்ஸுக்குப் பக்கத்து ஊர். இங்க இருந்து பார்க்கிற ஆளுக்கு இந்தக் கதை கொஞ்சம் வேற மாதிரி விளங்கும்.

டெஷாம் ஏன் இப்படி என்று கேட்டால் 2010 உலகக் கிண்ணத்துக்குப் போக வேணும். தென்னாபிரிக்கா, நைஸ்னா, எங்கட அணி தங்கியிருந்த ஊர். அனெல்காவை வீட்டுக்கு அனுப்பினதுக்கு எதிர்ப்பாக மற்ற விளையாட்டு வீரர் எல்லாம் பஸ்ஸுக்குள்ள ஏறி இருந்துகொண்டு பயிற்சிக்கு இறங்க மாட்டம் என்று சொன்னவை. அவையின்ட அறிக்கையைப் பயிற்றுநர் டொமெனெக் தானே நின்று பத்திரிகைக்காரருக்கு வாசிச்சார். ஒரு நாடு முழுக்க வெட்கப்பட்ட நாள் அது. எங்கட புறநகர்ப் பெடியளைத்தான் அதுக்குப் பிறகு தொலைக்காட்சியில எல்லாரும் திட்டினவை. 2012 யூரோவிலயும் சண்டைதான். அந்த வருசம்தான் டெஷாம் வந்தவர்.

அடுத்த வருசம் நவம்பரில உலகக் கிண்ணத்துக்குப் போக உக்ரைனோட இரண்டு ஆட்டம். கீவில 0-2 தோல்வி. நாலு நாள் கழிச்சு சென் டெனியில 3-0, சாக்கோ ரெண்டு, பென்சமா ஒண்டு. அந்த இரவு மட்டும் வேற மாதிரிப் போயிருந்தால் டெஷாமின்ட பேரை இன்றைக்கு ஒருத்தரும் கதைக்க மாட்டினம். அந்த இரவுக்குப் பிறகு அவர் அணியைக் கட்டினது திறமையை மட்டும் பார்த்து இல்லை, ஆர் ஆரோட ஒரு மாதம் சண்டை பிடிக்காமல் இருப்பினம் என்று பார்த்து. நஸ்ரியை 2014-க்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. பென்சமா ஐந்து வருசத்துக்கு மேல வெளியில. 2018-ல ராபியோவை மேலதிகப் பட்டியலில போட்டவர், எனக்கு வேண்டாம் என்று ராபியோ மறுத்தவர். அதே ராபியோவைத்தான் நேற்று ஸ்பெயின் பெடியன் யமாலுக்கு முன்னால நிற்க விட்டவர். டெஷாம் ஆக்களை மன்னிக்கிறவர், ஆனால் தன்ட நேரத்துக்குத்தான்.

இங்க ஆரும் டெஷாமைக் காதலிக்கேல்லை. ஜிடானைத்தான் காதலிக்கினம். ஆனால் நைஸ்னாவைப் பார்த்த சனத்துக்கு, அரையிறுதி வரைக்கும் ஒரு சத்தமும் இல்லாமல் போய்வாற அணி என்றால் அது சின்ன விசயம் இல்லை.

கோல்கீப்பர்_மாமா | மாலை 4:05

தம்பி எழுதியது நன்றாக இருந்தது. ஆனால் நான் வேறு ஒரு இடத்தில் முரண்படுகிறேன், அது ரசனை பற்றியது இல்லை, கணக்கு பற்றியது.

2004 யூரோவில் ரெஹாகல் கிரீஸை வைத்து என்ன செய்தார்? அதற்கு முன்னால் பெரிய போட்டிகளில் ஒரு ஆட்டம் கூட ஜெயித்திராத அணி. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளும் பழைய மார்க்கிங், அதற்குப் பின்னால் டெல்லாஸ் கடைசிக் காவலாக. காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக், இறுதியில் போர்ச்சுகல். மூன்றும் 1-0. மூன்று கோலும் தலையால் முட்டியது, மூன்றுக்கும் பந்து வந்தது வலது பக்கத்திலிருந்து. ஹரிஸ்தியாஸ், டெல்லாஸ், மறுபடி ஹரிஸ்தியாஸ். திட்டத்தை எதிரணி தெரிந்துகொண்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ரெஹாகல் செய்தது சரி, ஏனென்றால் அவருடைய அணி பலவீனமானது. பலவீனமான அணி ஆட்டத்தைச் சின்னதாக்க வேண்டும். தொண்ணூறு நிமிடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து நாலே நாலு வாய்ப்பு வந்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடிவிடும், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். வாய்ப்புகள் இருபது வந்தால் திறமை இருப்பவன் ஜெயிப்பான். அப்படியானால் உலகத்திலேயே அதிகத் திறமை வைத்திருக்கும் பிரான்ஸ் எதற்காக ஆட்டத்தைச் சின்னதாக்க வேண்டும்? பணக்காரன் எதற்காகச் சீட்டுக் குலுக்கலுக்கு வருகிறான்? 2016 யூரோ இறுதியாட்டத்தில் டெஷாமுக்கு இதுதான் நடந்தது. சொந்த மண், ரொனால்டோ 25-வது நிமிடமே காயத்தோடு வெளியே போய்விட்டார், எதிரில் இருந்த போர்ச்சுகல் அந்தப் போட்டி முழுக்கத் தொண்ணூறு நிமிடத்துக்குள் ஜெயித்தது வேல்ஸை மட்டும்தான். அப்படிப்பட்ட அணியோடு 0-0 என்று இழுத்துக்கொண்டே போனால், 109-வது நிமிடம் ஏதர் தூரத்திலிருந்து ஒன்றை அடிப்பார். அடித்தார்.

எட்டாம்நம்பர் | மாலை 5:30

மாமா, இந்த இழையில் வந்ததிலேயே கனமான வாதம் இது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. ஆட்டத்தைச் சின்னதாக்குவதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டு பக்க வாய்ப்பையும் குறைப்பது ரெஹாகல், 2016 போர்ச்சுகலின் கோச் ஃபெர்னான்டோ சாண்டோஸ் வகை. எதிரணியின் வாய்ப்பை மட்டும் குறைத்துத் தன்னுடையதை வைத்துக்கொள்வது டெஷாமின் நல்ல வருடங்கள். 2018 நாக் அவுட்டில் 4, 2, 1, 4 என்று அடித்த அணியைக் கிரீஸோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. நீங்கள் சொல்கிற குலுக்கல் சீட்டு 2024-க்குத்தான் அப்படியே பொருந்தும். போர்ச்சுகலுடன் 120 நிமிடம் 0-0, ஷூட் அவுட்டில் 5-3.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்து ஆடு, ஆடு என்று எல்லோரும் கேட்டபோது அவர் கேட்காமல் இல்லை. 2021-ல் நடந்த யூரோவுக்குப் பென்சமாவைத் திரும்பக் கூட்டிவந்து, எம்பாப்பே, கிரீஸ்மானோடு சேர்த்து விட்டார். புகாரெஸ்டில் சுவிட்சர்லாந்துடன் அந்த ஆட்டம். முதல் பாதியில் பின்னால் மூன்று பேர், ராபியோ இடது ஓரத்தில், ஒன்றும் ஒட்டவில்லை, இடைவேளையில் கலைத்தார். அப்புறம் பென்சமா இரண்டு, போக்பா தூரத்திலிருந்து ஒன்று, 3-1. 80 நிமிடம் வரை கையில் இருந்த ஆட்டம். 81-ல் செஃபெரோவிச், 90-ல் கவ்ரானோவிச், 3-3, ஷூட் அவுட்டில் சோமர் எம்பாப்பேவின் அடியைத் தடுத்தார். அந்த ராத்திரி ஒரு கோச்சுக்கு என்ன சொல்லிக்கொடுக்கும் என்று நினைக்கிறீர்கள்?

மூன்றாவது_பெஞ்ச் | மாலை 5:34

3-1 இருக்கும்போது கதவைச் சாத்து என்று.

ஆஃப்சைடு_ஆறுமுகம் | மாலை 6:15

அதாவது ஒரு ராத்திரி சூடுபட்டதற்கு மூன்று வருடம் நாம் தண்டனை அனுபவிக்க வேண்டும். நல்ல நியாயம்.

பனங்காட்டு_நரி | இரவு 8:02

எனக்கு வேறு ஒரு கேள்வி. கத்தாரில் ரெக்ராகுய் மொராக்கோவை வைத்து இதைத்தானே செய்தார்? அரையிறுதி வரை விட்டது ஒரே கோல், அதுவும் கனடாவுடன் தங்கள் ஆளே தங்கள் வலைக்குள் தள்ளியது. ஸ்பெயின் அன்றைக்கு ஆயிரத்துக்கு மேல் பாஸ் போட்டது, ஒன்றும் நடக்கவில்லை, ஷூட் அவுட்டில் ஒரு பெனால்டி கூட உள்ளே போகவில்லை. போர்ச்சுகலை 1-0. அம்ராபாத் ஒவ்வொரு பந்துக்கும் விழுந்து எழுந்ததைப் பார்த்து உலகமே கண்கலங்கியது, வீரம் என்றோம். அதே அரையிறுதியில் பிரான்ஸ் ஐந்தாவது நிமிடம் தியோ கோல் அடித்ததும் பின்னால் போய் உட்கார்ந்து பந்தை மொராக்கோவிடமே விட்டது. இப்போது மொராக்கோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்கு நாம் வைத்த பெயர் கஞ்சத்தனம். ஏழை பதுங்கினால் வீரம், பணக்காரன் பதுங்கினால் கஞ்சத்தனமா?

கார்னர்கொடி | இரவு 8:20

ஆமாம். அப்படித்தான். ஏழைக்கு வேறு வழி இல்லை, பணக்காரனுக்கு இருக்கிறது. இதில் என்ன குழப்பம்?

கடற்கரை_லெஃப்ட்பேக் | இரவு 10:47

ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், சம்பளம் எல்லாம் கிடையாது. எங்கள் பக்கம் டோர்னமென்ட் என்றால் ஊரே மைதானத்தில் நிற்கும். வெளியூரில் வேலை பார்க்கிற பையன்கள் போட்டிக்கு முந்தின நாள்தான் பஸ் இறங்குவார்கள். மாலை ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை, அவ்வளவுதான் கையில் இருக்கும் நேரம். அதில் நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று நினைக்கிறீர்கள்?

பின்னால் நாலு பேரை மணலில் ஒரே கோட்டில் நிறுத்துவேன். பந்து இடது பக்கம் போனால் நாலு பேரும் இடது பக்கம் நகர வேண்டும். வலது பேக் பெரும்பாலும் அங்கேயே நின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பான், சத்தம் போட்டு உள்ளே இழுப்பேன். பந்தை எறிந்து எறிந்து அரைமணி நேரம் இதை மட்டும் செய்தால் நாலு பேரும் ஒன்றாக நகரப் பழகிவிடுவார்கள். ஆனால் முன்னால் இருக்கிற இரண்டு பேர், ஒருவன் ஓடுவதற்கு முன்னாலேயே மற்றவன் அந்த இடத்துக்குப் பந்தைத் தள்ளுகிறான் பாருங்கள், அதை நான் சொல்லிக்கொடுக்கவே முடியாது. அது கூடவே ஆடி வளர்ந்த பையன்களுக்குத்தான் வரும்.

நாட்டு அணிக் கோச்சின் நிலைமையும் இதேதான். வருடத்தில் சில வாரம் கையில் கிடைக்கிற ஆட்கள், ஒருத்தர் மாட்ரிட், ஒருத்தர் மிலான், ஒருத்தர் சவூதி. டிஃபென்ஸை இரண்டு வாரத்தில் செய்துவிடலாம். அதனால் டெஷாம் முதலில் அதைச் செய்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. என் கேள்வி வேறு. கிரீஸ்மானும் எம்பாப்பேவும் ஏழெட்டு வருடம் ஒன்றாக ஆடியவர்கள். அந்தப் புரிதல் தானாகவே வந்து கையில் விழுந்த சொத்து. 2022-ல் போக்பா, காண்டே இரண்டு பேருமே காயம் என்றதும் கிரீஸ்மானை நடுவில் இறக்கி மூன்றாவது மிட்ஃபீல்டராக்கியவர் இதே டெஷாம்தான். இங்கிலாந்துடன் ஜிரூவின் தலைக்கு அந்தப் பந்தை அனுப்பியது யார்? அந்தச் சொத்தைப் போய்ப் பெஞ்சில் வைத்தாரே, அதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மட்டுறுத்துநர் | இரவு 11:10

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. டெஷாமைத் திட்டலாம், சக உறுப்பினர்களைத் திட்டக்கூடாது. மெஸ்ஸி–ரொனால்டோ சண்டைக்குத் தனி இழை இருக்கிறது.

ஆஃப்சைடு_ஆறுமுகம் | 11 ஜூலை, காலை 6:58

லெஃப்ட்பேக் தம்பி, அதேதான். நேற்று மறுஒளிபரப்பில் அந்த நாலு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எம்பாப்பே முகமூடியைக் கழற்றிவிட்டு வந்த முதல் ஆட்டம். ஒன்பதாவது நிமிடம் இடது பக்கத்திலிருந்து அளந்து ஒரு கிராஸ், கோலோ முவானி தலை, 1-0. எதிரில் வலது பேக் நவாஸ், 38 வயது, கார்வஹால் தடையில் இருந்ததால் வந்தவர். இதைவிட நல்ல நிலைமை ஒரு கோச்சுக்குக் கனவில் கூட வராது. அந்த நவாஸை எம்பாப்பே இன்னும் பத்துத் தடவை ஓடவிட்டிருந்தால் போதும்.

நடந்தது என்ன? பிரான்ஸ் பத்து அடி பின்வாங்கியது. 21-வது நிமிடம் பந்து யமாலிடம். பாக்ஸுக்கு வெளியே, கொஞ்சம் வலது பக்கம். ராபியோ எதிரில் நிற்கிறார், நெருங்கவில்லை, இரண்டு அடி தள்ளி, உடம்பைச் சாய்த்து, எங்கே போகிறான் பார்ப்போம் என்கிற மாதிரி. பையன் இடது பக்கம் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான், இடது கால், பந்து வளைந்து தூரக் கம்பத்தில் உள்பக்கம் பட்டு உள்ளே. மென்யான் முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை. 16 வயது, யூரோ வரலாற்றிலேயே இளைய கோல்காரன். நாலு நிமிடம் கழித்து ஓல்மோ சுவாமேனியைத் தாண்டி அடித்தது கூண்டே காலில் பட்டு உள்ளே.

பின்வாங்கி நின்றால் பந்து வைத்திருப்பவனுக்கு நேரம் கிடைக்கும். பெல்ஜியம், போர்ச்சுகல் ஆட்களிடம் அந்த நேரத்தைக் கொடுத்துத் தப்பித்தார்கள், யமாலிடம் கொடுத்தார்கள், முடிந்தது. அப்புறம் 65 நிமிடம் இருந்தது, கோல் அடிக்க வேண்டிய நிலைமை, அணிக்கு அது எப்படி என்றே மறந்துபோயிருந்தது. கிரீஸ்மான் 62-ல் வந்தார். தியோ ஒன்றை மேலே அடித்தார், எம்பாப்பே 86-ல் உள்ளே புகுந்து ஒன்றை மேலே அடித்தார். வேறு எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

எட்டாம்நம்பர் | காலை 9:15

இந்த விவரணையில் ஒரு வரி கூட நான் மறுக்க மாட்டேன். நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் இதை வைத்து டெஷாமின் முறையே தப்பு என்கிறீர்கள், நான் அவர் தன் முறையையே பாதி மறந்துவிட்டார் என்கிறேன். 2022 இறுதியாட்டத்தில் 41-வது நிமிடமே ஜிரூவையும் டெம்பெலேவையும் வெளியே எடுத்தாரே, உலகக் கோப்பை இறுதியில் இடைவேளைக்கு முன்னாலேயே இரண்டு மாற்றம், அதுவும் காயம் இல்லாமல். அதற்கும் பல நிமிடம் ஒரு ஷாட் கூட இல்லைதான், ஆனால் துராம், கோலோ முவானி, கோமான் கால்கள்தான் கடைசியில் 2-0-வை 2-2 ஆக்கின. பெனால்டி வாங்கியது கோலோ முவானி, இரண்டாவது கோலுக்குப் பந்தைத் தட்டிக்கொடுத்தது துராம். அந்தத் துணிச்சல்தான் பிராக்டிகலான கோச்சுக்கு அடையாளம். இந்த ஸ்பெயின் ஆட்டத்தில் அதே மனிதர் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கார்னர்கொடி | காலை 11:40

ஸ்பெயின் கோச் டெ லா ஃபுயென்தேயை யாரும் சொல்லவில்லையே. லெஃப்ட்பேக் சொன்ன ‘கூடவே வளர்ந்த பையன்கள்’ வாதத்துக்குப் பதில் அவர்தான். 2015-ல் 19 வயதுக்குட்பட்ட அணியோடு யூரோ, 2019-ல் 21 வயதுக்குட்பட்ட அணியோடு யூரோ, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. ரோத்ரி, ஓல்மோ, ஃபாபியன், மெரினோ, ஒயர்சபால், உனாய் சிமோன் எல்லாம் அவரிடம் சின்ன வயதிலிருந்தே ஆடியவர்கள். நேரம் இல்லை என்பது டெஷாமுக்கு மட்டும் எப்படிக் காரணமாகும்? பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறார். பன்னிரண்டு வருடத்தில் தாக்குதலுக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்க முடியாதா?

கடற்கரை_லெஃப்ட்பேக் | பகல் 12:05

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல கேள்வி.

கோல்கீப்பர்_மாமா | 15 ஜூலை, காலை 8:30

இறுதியாட்டமும் முடிந்தது. ஸ்பெயின் 2-1 இங்கிலாந்து, ஏழு ஆட்டத்தில் ஏழு வெற்றி. இங்கிலாந்து கோச் சவுத்கேட்டும் நம் டெஷாமின் சித்தப்பா பையன்தான், 47-வது நிமிடம் நிகோ வில்லியம்ஸ் கோல் அடிக்கிற வரைக்கும் காத்திருந்து, பால்மர் வந்து 73-ல் சமன் செய்து, அப்புறம் மறுபடி பின்னால் போய், 86-ல் ஒயர்சபால். பெல்லிங்கம், ஃபோடன், சாகா, கேன் நாலு பேரையும் வைத்துக்கொண்டு. ஆனால் ஒரு வித்தியாசம், டெஷாமிடம் உலகக் கோப்பை இருக்கிறது. ஆட்டக்காரராக ஒன்று, கோச்சாக ஒன்று. இரண்டு விதத்திலும் ஜெயித்தவர்கள் ஜகாலோ, பெக்கன்பவர், அப்புறம் இவர். அதனால்தான் இவரை வைத்து ஒரு வாரம் சண்டை போட முடிகிறது, சவுத்கேட்டை வைத்து இரண்டு நாள் கூடத் தாங்காது.

லாகூர்நெவ்_பெடியன் | 15 ஜூலை, பகல் 1:15 (பாரிஸ் நேரம்)

இங்க ஒருத்தரும் மாறப் போறேல்லை. ஒப்பந்தம் 2026 வரைக்கும் இருக்கு. ஆறுமுகம் அண்ணை ஜிடானைக் கேக்கிறார், என்ட மகனும் அதையேதான் கேக்கிறான், பொண்டியில படிக்கிறவன், எம்பாப்பேயின்ட ஊர். அவனுக்கு 2018 ஞாபகம் இருக்கிற வயசில்லை, நைஸ்னா எண்டால் என்னவெண்டே தெரியாது. அவன் கேக்கிறது சரிதான், ஆனால் நான் அவனுக்கு டெஷாமை விட்டுக்கொடுக்கேல்லை.

செப்ரெம்பர் 6 இத்தாலி பாரிஸுக்கு வருகுது, நேஷன்ஸ் லீக், இந்த முறை பார்க் டெ ப்ரின்ஸ் மைதானத்தில. சீட்டு கிடைச்சால் ரெண்டு பேரும் போறம். காண்டே, சுவாமேனி, ராபியோ எண்டு மறுபடியும் மூண்டு பேரையும் நடுவில போட்டால் மைதானத்தில இருந்தே இங்க எழுதுறன்.

ஆஃப்சைடு_ஆறுமுகம் | 15 ஜூலை, மாலை 7:20

எழுதுங்கள் அண்ணை. அன்றைக்கும் இந்தியாவில் நள்ளிரவுக்கு மேல்தான் ஆட்டம் தொடங்கும். கிரீஸ்மான் பெஞ்சில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நான் படுத்துவிடுகிறேன்.